கறுப்புப் பக்கமா, வெள்ளைப் பக்கமா? படிப்பகத்தின் பழைய மலர்களை எப்படிக் காட்டுவது?

#1 படிப்பகத்தான், இரணியல்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. கையெழுத்துப் பத்திரிகைகள், ஆண்டு விழா மலர்கள், வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன நோட்டுகள் என்று அறுபது ஆண்டுச் சரக்கு அதற்குள் கிடக்கிறது. ஒருபுறம் கரையான் அரிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள் நால்வர் சேர்ந்து அவற்றைத் தட்டச்சு செய்து ஓர் இணையதளத்தில் ஏற்றி வருகிறோம். பாதி வேலை முடிந்துவிட்டது. சண்டை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

சண்டை, பக்கத்தின் நிறத்தைப் பற்றியது. எங்களில் இளையவர்கள் மூவரும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டும் என்கிறார்கள். படிப்பகத் தலைவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போல இருக்கிறது, மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கறுப்புப் பக்கத்தைத் திறந்ததும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தால், வரிவரியாகக் கோடுகள் சுவரில் மிதக்கின்றன. வெள்ளைப் பக்கத்தில் அப்படி இல்லை, ஆனால் இரவில் கூசுகிறது. கண்ணுக்கு எது நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அழகைப் பற்றிய கருத்துகள் எங்களிடமே நிறைய இருக்கின்றன.

#2 நிரலாளன், மார்த்தாண்டம்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது, அண்ணாச்சி? கறுப்புதான். நாளுக்குப் பத்து மணி நேரம் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்.

வெள்ளைப் பக்கம் படிப்பது டியூப்லைட்டை உற்றுப் பார்ப்பதற்குச் சமம். தொடக்க காலக் கணினித் திரைகள் கறுப்பாகத்தான் இருந்தன. அதில் பச்சை எழுத்து ஓடும், இல்லையென்றால் ஆம்பர் எழுத்து. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்ட்டோ கணினியில்தான் காகிதத்தைப் போல வெள்ளைமேல் கறுப்பு எழுத்தைக் காட்டினார்கள். 1984இல் வந்த மெக்கின்டாஷ் அந்தப் பழக்கத்தை எல்லாருக்கும் தொற்றவைத்தது. ஆக, வெள்ளைப் பக்கம் காகிதத்தைக் காப்பியடித்ததில் வந்தது. காகிதம் விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். திரை தானே எரிகிறது. இரண்டும் ஒன்றா?

2019இல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டிலும் போன் முழுவதற்குமே டார்க் மோட் வந்துவிட்டது. 2024இல் விக்கிப்பீடியாவும் கொடுத்துவிட்டது. படிப்பகம் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? பாட்டரியும் மிச்சம்.

#3 சிலிண்டர் பவர், தக்கலை

கண்ணாடிக் கடையில் பதினான்கு ஆண்டுகளாகக் கண் பரிசோதனை செய்கிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி நிரலாளன், வெளிச்சம் தானே எரியும் திரையிலிருந்து வந்ததா, காகிதத்தில் பட்டுத் திரும்பியதா என்று கண் விசாரிப்பதில்லை. எவ்வளவு வெளிச்சம், சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம், அது மட்டும்தான் அதற்குக் கணக்கு. உங்கள் வெள்ளைத் திரை டியூப்லைட் போல எரிகிறது என்றால், அறையின் வெளிச்சத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பிரகாசத்தை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தெரியும்வரை குறையுங்கள். பாதிப் பேருக்குத் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போது கண்ணின் பாப்பா சுருங்குகிறது, கறுப்புப் பக்கத்தில் விரிகிறது. சுருங்கிய பாப்பா வழியாக விழும் உருவம் கூர்மையானது. லென்ஸின் ஓரத்தில் உள்ள குறைகள் அப்போது வெளியே நின்றுவிடுகின்றன. எங்கள் கடைக்கு வரும் பெரியவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு பலகையைப் படிக்க முயல்வதும் இதே தந்திரம்தான். இடுக்காதீர்கள் என்று நாளுக்கு இருபது தடவை சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் 2013இல் இதைச் சோதித்தார்கள். இளைஞர்களும் சரி, முதியவர்களும் சரி, வெள்ளைமேல் கறுப்பு எழுத்தாக இருந்தபோது நுண்ணிய எழுத்தைக் கூர்மையாகப் பார்த்தார்கள், பிழை பார்க்கும் வேலையையும் நன்றாகச் செய்தார்கள். கண் நலமாக உள்ள பெரும்பாலானவர்களுக்கு, வெளிச்சமுள்ள அறையில், நீண்ட நேரம் படிக்க வெள்ளைதான் ஏற்றது.

அடுத்தது, உங்கள் கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சிலிண்டர் என்ற கட்டத்தில் எண் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உங்கள் கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவில் இல்லை. கறுப்புமேல் வெள்ளை எழுத்தைப் பார்க்கும்போது, பாப்பா விரிந்திருப்பதால் இந்தக் குறை இன்னும் பெரிதாகும். எழுத்தைச் சுற்றிப் பனி படர்ந்தது போலத் தெரியும். மழையில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு சிதறித் தெரிவதைப் போல. பலர் கடைக்கு வந்து "போன் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது" என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது, கறுப்புத் திரையா என்பதைத்தான்.

கண்புரை உள்ளவர்களுக்கு இது தலைகீழ். கலங்கிய லென்ஸுக்குள் வெள்ளைப் பக்கத்தின் ஒளி சிதறி, எழுத்தையே மூடிவிடும். அவர்களுக்குக் கறுப்புப் பக்கம் உண்மையிலேயே உதவுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1985இலேயே இதை அளந்து காட்டினார்கள்: கண்ணின் உள்ளே கலங்கல் உள்ளவர்கள் கறுப்புமேல் வெள்ளை எழுத்தில் வேகமாகப் படித்தார்கள். ஆகவே உங்கள் தலைவருக்குக் கண்ணீர் அஞ்சலி போலத் தெரிந்தது, அவர் வயதுக்காரர் வேறொருவருக்கு வரமாகத் தெரியலாம்.

கடைசியாக, படிப்பகத்தான் அண்ணாச்சிக்கு: நாற்பதைத் தாண்டியதும் வருவதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் வெள்ளெழுத்து. பெயரைக் கேட்டு வெள்ளை எழுத்துதான் அதற்கு மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். நிறத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சுவரில் மிதக்கும் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். பிரகாசமான எதையாவது உற்றுப் பார்த்தால் விழித்திரையில் சற்று நேரம் தங்கும் பின்னுருவம்தான் அது.

#4 நள்ளிரவுத் தேர்வர்

சிலிண்டர் பவர் அக்கா சொல்வது வெளிச்சமுள்ள அறைக்குச் சரி. எங்கள் வீட்டில் அறை ஒன்றுதான். பக்கத்தில் தங்கை தூங்குவாள். பதினொரு மணிக்கு விளக்கை அணைத்த பிறகுதான் என் போட்டித் தேர்வுப் படிப்பே தொடங்குகிறது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் அறை முழுவதும் பௌர்ணமியாகிவிடும், அம்மா எழுந்து வந்துவிடுவார். எனக்குக் கண் சுகமெல்லாம் அப்புறம்தான்.

#5 பால்வெட்டு, குலசேகரம்

விடிவதற்கு முன்னால் ரப்பர் மரம் வெட்டப் போகிறவன் நான். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நிற்கும்போது போனில் ஏதாவது செய்தி வந்து, வெள்ளைத் திரை ஒரு நொடி முகத்தில் அடித்தால் போதும். அடுத்த நாலைந்து மரங்களுக்குச் சிரட்டை எங்கே இருக்கிறது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். அதனால் எனக்குக் கறுப்பு.

ஆனால் வேலை முடிந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினால் கதை வேறு. வேர்க்கிளம்பி, அழகியமண்டபம் வரை சாலையோரம் மரநிழலும் வெயிலும் மாறிமாறி வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து கறுப்புப் பக்கத்தைத் திறந்தால் எழுத்து தெரியாது, என் முகம்தான் தெரியும். அதை எவ்வளவு நேரம் பார்ப்பது?

#6 முட்டத்துக்காரன்

பால்வெட்டுக்காரர் சொன்னதைக் கடலிலும் பார்க்கலாம். எங்கள் விசைப்படகில் ஜிபிஎஸ் திரைக்குப் பகல் நிறம், இரவு நிறம் என்று இரண்டு உண்டு. இரவில் வெளிச்சமான திரையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால், முன்னால் விளக்கில்லாமல் கிடக்கும் வள்ளம் கண்ணில் படாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகியதைக் கெடுக்க ஒரு நொடி போதும். இரவில் திரையைக் கறுப்பாக்கி, பிரகாசத்தையும் அடிவரை இறக்கி வைப்போம். என் அப்பா போன் திரைமேல் சிவப்புக் கண்ணாடித்தாளையே ஒட்டி வைத்திருந்தார். இருட்டில் பார்க்கும் உயிரணுக்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு யார் சொன்னார்களோ.

நண்பகலில் அதே திரையைக் கறுப்பில் விட்டால் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

#7 சிலிண்டர் பவர், தக்கலை

இந்த இரண்டு பதிவுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளில் இருப்பதைவிட அதிகம் இருக்கிறது. பக்கத்தின் நிறம், சுற்றியுள்ள வெளிச்சத்தோடு போக வேண்டும்.

பாட்டரியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கறுப்பில் மின்சாரம் மிச்சமாவது ஓஎல்இடி திரைகளில் மட்டும்தான். அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக எரிகிறது, கறுப்பு என்றால் அணைந்துவிடுகிறது. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் கதவைச் சாத்துவதுதான் கறுப்பு. ஓஎல்இடியிலும் பிரகாசம் பாதிக்குக் கீழே இருந்தால் லாபம் சொற்பம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது, முப்பது முதல் ஐம்பது விழுக்காடு பிரகாசத்தில் சராசரியாக 3 முதல் 9 விழுக்காடுதான் மிச்சமானது. முழுப் பிரகாசத்தில் 39 முதல் 47 விழுக்காடு.

#8 நள்ளிரவுத் தேர்வர்

என் போன் எல்சிடி. மூன்று வருடமாகப் பாட்டரியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

#9 அச்சுக்கோப்பு, கோட்டாறு

முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகத்தில் இருந்தவன். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அடுக்கிய காலத்தில் சேர்ந்து, கணினித் திரை முன்னால் ஓய்வு பெற்றேன். எல்லாரும் கண்ணையும் விளக்கையும் பற்றிப் பேசுகிறீர்கள். எழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

ஆங்கிலப் பக்கத்துக்குச் செய்த கணக்கைத் தமிழ்ப் பக்கத்துக்கு அப்படியே போடக் கூடாது. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். ன, ண இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சுழி. பு, பூ இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சிறு கோடு. கெடு, கேடு, கொடு, கோடு, எடு, ஏடு என்று ஒரு வளைவில் பொருள் மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே புள்ளி இருக்கிறது. ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளி வரும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், தலை சுற்றும். திரையில் முதலில் சாவது புள்ளிதான்.

அச்சகத்தில் நாங்கள் இதை ரிவர்ஸ் என்போம். கல்யாணப் பத்திரிகையில் கருஞ்சிவப்புப் பட்டை போட்டு அதற்குள் வெள்ளை எழுத்து கேட்பார்கள். மெல்லிய எழுத்தாகக் கொடுத்தால் சுற்றியுள்ள மை கசிந்து உள்ளே வரும். புள்ளி அடைத்துக்கொள்ளும், சுழி மூடிக்கொள்ளும். மாப்பிள்ளை பெயரில் புள்ளி காணாமல்போய், ஐந்நூறு பத்திரிகையைத் திருப்பி அடித்துக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. காசு என் சம்பளத்திலிருந்து போனது. அதனால் எங்கள் விதி: ரிவர்ஸ் என்றால் எழுத்து தடிமனாக இருக்க வேண்டும், ஒரு அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் இளைஞர்கள் என்ன எழுத்துரு போட்டிருக்கிறார்கள்? ஒல்லியான எழுத்துருவாக இருந்தால், எந்த நிறத்தில் போட்டாலும் பயன் இல்லை.

#10 நிரலாளன், மார்த்தாண்டம்

ஐயா, காகிதத்தில் மை வெள்ளைக்குள் கசிகிறது. திரையில் நடப்பது நேர் எதிர். வெள்ளைதான் கறுப்புக்குள் கசிகிறது. ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் கறுப்பின்மேல் உள்ள வெள்ளைச் சதுரம்தான் பெரிதாகத் தெரியும். அதனால் கறுப்புப் பக்கத்தில் எழுத்தைத் தடிமனாக்கக் கூடாது, ஒரு படி குறைக்க வேண்டும். உங்கள் விதியைத் திரையில் போட்டால் புள்ளி வீங்கி அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முழுக் கறுப்பும் வேண்டாம். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டி #121212 என்ற கருஞ்சாம்பலைத்தான் பரிந்துரைத்தது. எழுத்தும் தூய வெள்ளையாக இல்லாமல் சற்று மங்கலாக இருக்க வேண்டும். முழுக் கறுப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு: சில ஓஎல்இடி திரைகளில் பக்கத்தை நகர்த்தும்போது, அணைந்த புள்ளிகள் எரியத் தாமதமாகி, எழுத்து வால் விடும்.

ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்கமாட்டார்கள் என்று கேள்வி. நம் முன்னோர் புள்ளி இல்லாமலே படித்திருக்கிறார்கள். இரண்டு புள்ளி மங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

#11 அச்சுக்கோப்பு, கோட்டாறு

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும், அதனால் வைக்கவில்லை. அந்த ஓலையைப் படித்தவர்கள் பாட்டைப் பாதி மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஏடு அவர்களுக்கு ஞாபகக் குறிப்பு. படிப்பகத்தின் மலரைத் திறப்பவன் அதை முதல்முறை படிக்கிறான், தம்பி.

ஓலையிலும் கீறிவிட்டுக் கரியோ இலைச்சாறோ தடவித் துடைப்பார்கள், கீறலில் மட்டும் கருமை தங்கும். வெளிறிய ஓலைமேல் கறுத்த எழுத்து. எந்தக் கட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளை கறுப்புக்குள் கசிகிறது என்று சொன்னீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவு பேரனின் கணினியில் இரண்டு தடிமனிலும் போட்டுப் பார்த்தேன். தடித்த எழுத்தில் 'ண்ணெ' வெள்ளை உருண்டையாகிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்ன ஒல்லியும் சரிவரவில்லை, புள்ளி தூசி போல் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட ஒன்றுதான் நின்றது.

#12 நிரலாளன், மார்த்தாண்டம்

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை பல படிகள் இருக்கின்றன, ஐயா. நடுவில் ஒன்றைப் பிடிக்கலாம். விண்டோஸில் பழைய லதா எழுத்துரு வரும் கணினிகளில் அந்த வசதி இல்லை. அங்கே எழுத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

#13 மலைமுகடு, திருவட்டாறு

நான் பள்ளி ஆசிரியை. இருபது வருடமாகக் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதிப் பாடம் நடத்துகிறேன். சிலேட்டிலும் பலப்பத்திலும்தான் நாமெல்லாரும் அகரம் படித்தோம். கறுப்புமேல் வெள்ளை என்பது நேற்று வந்த நாகரிகம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அது வரும் நாளில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் கண்ணுக்குப் பின்னால் ஆணி அறைவது போல் இருக்கும். வெள்ளைதான் ஏற்றது என்று சிலிண்டர் பவர் எழுதியதைப் படித்துச் சற்றுக் கோபமே வந்தது. "பெரும்பாலானவர்களுக்கு" என்ற சொல்லைக் கவனித்த பிறகு தணிந்தேன்.

ஆறாம் வகுப்புக் குழந்தைகள் பலர் கிட்டப்பார்வைக் கண்ணாடியோடு வருகிறார்கள். கறுப்புத் திரை வைத்தால் கிட்டப்பார்வை வராது என்று ஒரு பெற்றோர் சொன்னார். அதில் உண்மை உண்டா?

#14 சிலிண்டர் பவர், தக்கலை

டீச்சர், உங்கள் தலைவலி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் உண்மை. அந்த நாளில் எந்த ஆய்வும் உங்களைக் கட்டுப்படுத்தாது, கறுப்பையே வையுங்கள்.

அந்தப் பெற்றோர் சொன்னதற்கு ஒரு மூலம் இருக்கிறது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 2018இல் செய்த ஆய்வில், வெள்ளைமேல் கறுப்பு எழுத்தை ஒரு மணி நேரம் படித்தவர்களுக்கு விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு என்ற படலம் சற்று மெலிந்தது. கறுப்புமேல் வெள்ளையைப் படித்தபோது தடித்தது. மெலிவது கிட்டப்பார்வை வளர்வதோடு தொடர்புடையது என்பதால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சோதித்தது ஏழு பேரை. அதை வைத்துக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரம். திற்பரப்பு அருவிக்கு அழைத்துப் போங்கள், தண்ணீர் வரும் காலத்தில்.

இதே வரிசையில் இன்னொன்று. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் திரைக் களைப்பு தீரும் என்று கேட்டு வருகிறார்கள். நான் வேலை பார்க்கும் கடையே அதை விற்கிறது, நானே எழுதுகிறேன்: 2023இல் காக்ரேன் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறுகிய காலத்தில் அது களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதையே மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைப்பவர், திரை முன்னால் அதில் பாதிதான் இமைக்கிறார். கண் காய்ந்து எரிகிறது. பழி திரையின் நிறத்தின்மேல் விழுகிறது.

#15 முட்டத்துக்காரன்

கடலில் கண் காய்வது உப்புக்காற்றால். அதற்கும் ஒரு நிறம் சொல்வீர்களா, அக்கா?

#16 படிப்பகத்தான், இரணியல்

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். நடுவில் ஒரு விபத்தும் நடந்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தம்பிகளில் ஒருவர், பின்னணியைக் கறுப்பாக்கும் பொத்தானை அமைத்துவிட்டார். எழுத்துப் பக்கங்கள் சரியாக வந்தன. தட்டச்சு செய்யாமல் படமாக மட்டும் ஏற்றிய பழைய மலர்களும் நிறம் தலைகீழாகிவிட்டன. பழுப்பேறிய தாள் நீலமாகிவிட்டது. படிப்பகத்தைத் தொடங்கிய பெரியவர்களின் குழுப் புகைப்படத்தில் தலைமுடி வெள்ளையாகவும், முகம் கறுப்பாகவும், பல் இன்னும் கறுப்பாகவும் தெரிந்தது. அந்தப் படத்தில் தலைவரின் அப்பாவும் இருக்கிறார். அதை அவரிடம் காட்டியது என் தவறு. கண்ணீர் அஞ்சலி என்று அவர் சொன்னதை நாங்களே நிரூபித்துவிட்டோம்.

#17 நிரலாளன், மார்த்தாண்டம்

படங்களுக்கு அந்த மாற்றம் பொருந்தாமல் விலக்கு வையுங்கள், அண்ணாச்சி. பிரகாசத்தை மட்டும் சற்றுக் குறைத்தால் போதும்.

வெள்ளைப் பக்கத்திலும் ஒரு பாவம் செய்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழகு என்று எழுத்தைச் சாம்பலாக்குவது. இணைய அணுகல் விதிப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். தூய கறுப்பும் வெள்ளையும் 21க்கு 1. பலர் ஆசையாகப் போடும் #777777 சாம்பல், வெள்ளைமேல் 4.48 தான் வரும். நூலிழையில் தோல்வி. உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன், குறிப்புகள் எல்லாம் அதே சாம்பலில் இருக்கின்றன. #333333 போடுங்கள், 12க்கு மேல் போய்விடும், கூசவும் செய்யாது.

நான் கறுப்புக் கட்சிதான். ஆனாலும் சொல்கிறேன், உங்கள் தலைவர் மாற்றச் சொன்னதற்கு இந்தச் சாம்பலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

#18 அச்சுக்கோப்பு, கோட்டாறு

இப்போதுதான் தம்பி அச்சகத்துக்காரன் போலப் பேசுகிறார்.

ஒரு சோதனை சொல்கிறேன். நாஞ்சில் நாட்டு நெல் பூக்கள், அதாவது போகங்கள், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்: கன்னிப்பூ, கும்பப்பூ. கூடவே எண்ணெய், தென்னந்தோப்பு. நாலு சொல். புள்ளி, சுழி, ஒற்றைக்கொம்பு, நெடில் கோடு எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. வெள்ளைப் பக்கத்தில் ஒருமுறை, கறுப்புப் பக்கத்தில் ஒருமுறை, கை நீட்டும் தூரத்தில் வைத்து வருகிறவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது ஒன்று, அணைத்துவிட்டு ஒன்று. புள்ளியை எண்ணச் சொல்லுங்கள். யாருக்கு எது பிடிக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், பிடித்தது வேறு, தெரிந்தது வேறு.

வரிக்கும் வரிக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளாத அளவுக்கு. இரண்டு ஓரத்தையும் நேராக்குகிறேன் என்று சொற்களை இழுத்துப் பிடிக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது, போன் திரையில் சொற்களுக்கு நடுவில் வெற்றிடம் ஓடை போல ஓடும்.

#19 படிப்பகத்தான், இரணியல்

ஞாயிற்றுக்கிழமை மாலை செய்தோம். படிப்பகத்தில் கேரம் ஆட வந்தவர்கள், பத்திரிகை படிக்க வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் பிடித்தோம்.

விளக்கு எரிந்தபோது வெள்ளையில்தான் பெரும்பாலானவர்கள் புள்ளியைச் சரியாக எண்ணினார்கள். கறுப்புதான் பிடிக்கும் என்று சொன்ன பையன்களும் அப்படியே. அவர்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் மறுபடி எண்ணினார்கள். விளக்கை அணைத்ததும் வெள்ளையில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். பிரகாசத்தை இறக்கியதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. பூக்கடை வைத்திருக்கும் ஒரு பாட்டி மட்டும் எந்த வெளிச்சத்திலும் கறுப்பில்தான் படித்தார். வெள்ளையில் "ஒரே புகை" என்றார். சிலிண்டர் பவர் சொன்ன கண்புரை நினைவுக்கு வந்து, அவர் மகனிடம் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தலைவர் விஷயம்: எழுத்தைச் சாம்பலிலிருந்து மாற்றி, ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டிக் கையில் கொடுத்தேன். கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் 1968ஆம் ஆண்டு மலரைப் படித்தார். அது எந்த நிறத்தில் இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையில் கறுப்பில் இருந்தது. பையன் மாற்றி வைக்க மறந்துவிட்டான்.

முடிவு இதுதான். வாசகர் தம் போனில் எந்தத் தோற்றத்தை வைத்திருக்கிறாரோ, தளம் அதையே பின்பற்றும். ஒன்றும் வைக்காதவர்களுக்கு ஓலை நிறத்தில் லேசான மஞ்சள் பின்னணி, கருஞ்சாம்பல் எழுத்து. மாற்றும் பொத்தானும் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானும் எங்கோ மூன்று கோட்டுக்குள் ஒளிந்திருக்காமல், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கும். படங்கள் எந்தத் தோற்றத்திலும் அப்படியே இருக்கும். நானும் கண் சோதனைக்குப் போனேன். சிலிண்டர் முக்கால். சுவரில் மிதந்த கோடுகளுக்கு அது காரணமில்லையாம், எழுத்தைச் சுற்றிய பனிக்குத்தான் காரணமாம்.

சோதனைப் பக்கத்தையும் தளத்திலேயே வைத்திருக்கிறோம். அனைவரும் பார்த்துச் சொல்லுங்கள்.

#20 பால்வெட்டு, குலசேகரம்

பார்த்தேன். விடியற்காலை மூன்றரைக்குத் தோட்டத்தில், பிறகு பஸ்ஸில். இரண்டு இடத்திலும் அதுவாகவே மாறிக்கொண்டது. என் முகத்தை இனி வீட்டுக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

#21 அச்சுக்கோப்பு, கோட்டாறு

நானும் பார்த்தேன். கும்பப்பூவில் 'ப்'புக்குப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது, 'கும்பபபூ' என்று நிற்கிறது. மஞ்சளில் பார்த்தேன், கறுப்பில் பார்த்தேன், பேரனின் கணினியிலும் பார்த்தேன். எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரிகிறது. திருத்திவிடுங்கள்.